ஒன்பது ஊசிக்காரரைக் காணவில்லை

மாமனாரும் மருமகனும் பேச்சை நிறுத்தி ஆறு வருடமாகிவிட்டது. காரணம் ஒரு பல் செட்.

மருமகன் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு செய்து, பல் பல்லாகப் பதித்து, உரசி மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மாமனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருக்குப் பல்லெல்லாம் போனபோது, வெளியாள் எதற்கு என்று மருமகனே ஆசை ஆசையாக ஒரு செட் செய்து கொடுத்தார். பார்வைக்கு அப்படி ஒரு அழகு. ஆனால் 'ச' வருகிற இடத்திலெல்லாம் மெல்லிய விசில் ஒன்றும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஒரு நாற்சந்தியில் மாமனார், "சிக்னல் பாருங்க, ஸ்டியரிங்கைச் சுத்துங்க" என்று சொல்ல, ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண்மணி போலீஸ்காரர்தான் விசிலடிக்கிறார் என்று நினைத்து நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த வேன் நேராகக் காரின் முதுகில் வந்து நின்றது.

அன்று சாயங்காலம் மாமனார் மகள் வீட்டுக்கு வந்தார். செட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இது பல்லா விசிலா என்று கேட்டார். மருமகன் அன்றைக்கு மட்டும் பதினோரு செட் முடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"வாயைத் தொறந்தாத்தானே மாமா விசில் வரும்?"

மாமனார் செட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு மருமகன் இருக்கிற இடத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. மருமகன் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில், பிறகு எந்த முகத்தோடு போவது என்றாகிவிட்டது. அவர் பேசட்டும், நான் பேசுகிறேன் என்று ஒரு வீம்பும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு தெரு தள்ளி இருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மகள்தான் தபால்காரியாக நடந்து நடந்து தேய்ந்தாள். அப்பா வீட்டுக் குழாய் ஒழுகுவது முதல் கணவரின் ஜலதோஷம் வரை எல்லாச் செய்தியும் அவள் வாய்வழியாகத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் இருவருக்கும் வலி வந்து சேர்ந்தது. நாளெல்லாம் தலையைக் குனிந்தே இருந்ததில் மருமகனுக்குக் கழுத்தில் தொடங்கித் தோள்பட்டைக்குள் இறங்கியது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எப்போது ஸ்டியரிங்கைப் பிடுங்க வேண்டியிருக்குமோ என்று முப்பது வருடமாகக் கையை ஓங்கியே வைத்திருந்ததில் மாமனாருக்குத் தோளில் வந்தது. மகள் இரண்டு பேருக்கும் ஒரே பிசியோவிடம், ஒரே நாளில், ஒரே மணிக்கு நேரம் வாங்கினாள். இருவரிடமும் அதைச் சொல்லவில்லை. அப்பாவைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுபோய் விட்டாள், பிறகு கணவரைக் கொண்டுவந்து விட்டாள், கண்ணாடிக் கடையில் வேலையிருக்கிறது என்று கிளம்பிப் போனாள்.

பிசியோ அம்மாவின் இடம் மூன்றாவது மாடியில். கீழே சலவைக்கடை, அதற்கு மேல் ஒரு பூட்டிய அலுவலகம், இரண்டாவது மாடியில் நடன வகுப்பு. பிசியோ அம்மா குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. எதற்கும் ஒரு விதி வைத்திருப்பவர். செருப்பு எங்கே, சட்டை எங்கே, செல்போன் எங்கே என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. மருமகன் அதன்படியே சட்டையை ஆணியில் மாட்டி, செல்போனை அதன் பையில் போட்டுவிட்டு, கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்தார்.

ஊசியில் என்ன மருந்து என்று கேட்டார்.

"மருந்தே கிடையாது. வெறும் ஊசி."

"வெறும் ஊசிய எதுக்கும்மா குத்தணும்?"

"உங்க தோள்ல சில இடம் முடிச்சு மாதிரி இறுகிக் கெடக்கு. ஊசி அங்க போச்சுன்னா தசை ஒரு தடவை துள்ளும். அப்புறம் கொஞ்சம் தளரும். எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நிறைய பேருக்குக் கேட்டிருக்கு."

முதல் ஊசி இறங்கியது தெரியவில்லை. இரண்டாவது ஊசிக்குத் தோளுக்குள் ஒரு மீன் வாலைச் சுழற்றியதுபோல் இருந்தது. "துள்ளிடுச்சு" என்று பிசியோ அம்மா, தூண்டிலில் சிக்கிவிட்ட திருப்தியோடு சொன்னார். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

ஓட்டை வழியாக மருமகனுக்குத் தரை தெரிந்தது. பச்சைத் திரைக்கு அடியில் பக்கத்துக் கட்டிலின் கீழே ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூவும் தெரிந்தது. வலது ஷூ மட்டும் நுனியில் தேய்ந்து வெளுத்திருந்தது. இல்லாத பிரேக்கையும் இருக்கிற பிரேக்கையும் சேர்த்து மிதித்துத் தேய்ந்த ஷூ உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். மருமகனுக்கு ஒன்பது ஊசியும் ஒன்றாகக் குத்தியது. அந்தப் பக்கம் பிசியோ அம்மா ஏதோ கேட்க, பதிலுக்கு "ம்" என்று மட்டும் வந்தது. அவரும் குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது.

அடுத்து, ஊசிகளில் லேசாக மின்சாரம் விட வேண்டுமாம். இருந்த இரண்டு மெஷினில் ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. இதிலேயே இரண்டு ஜோடி வயர் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்தே வைத்துவிடலாம் என்று பிசியோ அம்மா திரையை விலக்கி, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, செங்கல் அளவுள்ள பேட்டரிப் பெட்டியை அதன்மேல் வைத்தார். ஒரு ஜோடி வயரின் நுனிக் கவ்விகளை மாமனாரின் ஊசிகளிலும் இன்னொரு ஜோடியை மருமகனின் ஊசிகளிலும் மாட்டினார். மூன்று விநாடிக்கு ஒருமுறை இரண்டு பேரின் தோளும் ஒன்றாகக் குதித்தன. வேண்டாத விருந்தாளி யாரோ வந்து நிற்க, இரண்டு பேரும் சேர்ந்து "எனக்கென்ன" என்று தோளைக் குலுக்கியதுபோல் இருந்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கட்டிடம் முழுக்க அபாய மணி அடித்தது.

பிசியோ அம்மா ஆணியிலிருந்து ஒரு மஞ்சள் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கு அவர்தான் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளராம்.

"மணி அடிச்சா மொதல்ல ஆள் வெளியேறணும், மத்ததெல்லாம் அப்புறம். அதான் விதி. பதினாறு ஊசியையும் எடுத்துட்டு இருக்க நேரமில்ல. மெஷினை அணைச்சுட்டு மெதுவா படியில எறங்குங்க. உக்காராதீங்க, சாயாதீங்க, ஊசியத் தொடாதீங்க. கீழ வந்து நானே எடுக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கழிவறைகளில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஓடினார். மெஷினை அணைக்கச் சொன்னாரே தவிர, யார் அணைப்பது என்று சொல்லவில்லை. மருமகன் மாமனார் அணைக்கட்டும் என்று நின்றார். மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் கை நீட்டுகிறவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். ஆறு வருடத்தை ஒரு பொத்தானுக்காக விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கவ்வியைக் கழற்றவும் வழியில்லை. அவரவர் முதுகு அவரவர் கைக்கு எட்டாது. எட்டுகிற கை பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டுமே. கடைசியில் மாமனார் பெட்டியை அப்படியே தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். வயர் ஒரு முழம்தான். மருமகனும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

சட்டையில்லாத இரண்டு பெரிய மனிதர்கள், முதுகில் முள் முளைத்தவர்களாக, மூன்று விநாடிக்கு ஒருமுறை தோளைக் குதிக்கவிட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாவது மாடியில் நடன வகுப்பு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நடன ஆசிரியை இவர்களை நின்று கவனித்துவிட்டு, முன்னால் போகிறவர் அரைத் தாளம் பிந்துகிறார் என்று தன் மாணவிகளிடம் சொன்னார்.

அடுத்த திருப்பத்தில் பெட்டி கைப்பிடிக் கம்பியில் உரசி, ஒரு குமிழ் திரும்பிவிட்டது. மாமனாரின் தோள் காது வரைக்கும் எகிறியது. அவர் பல்லைக் கடித்தார். சத்தம் போடவில்லை. அடுத்த குதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எட்டிக் குமிழைத் திருப்பினார். ஆனால் அது தன்னுடைய குமிழ். தன் தோளே ஒரேயடியாகத் துள்ளியதில் முதுகில் எதுவோ பிய்ந்ததுபோல் சுருக்கென்றது.

"அந்தப் பக்கம்" என்றார் மாமனார்.

"எந்தப் பக்கம் மாமா?"

"எனக்கு இடது. உங்களுக்கு வலது."

மருமகன் தடவித் தடவி ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து மெஷினையே அணைத்தார். இரண்டு தோளும் இறங்கின. பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவசரத்தில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டவர்களைப்போல் வெட்கப்பட்டுக்கொண்டு, மீண்டும் வாயை மூடி மீதிப் படிகளை இறங்கினார்கள்.

மூன்றாவது மாடிக்காரர்கள் கூட வேண்டிய இடம் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தது. அது இவர்களுக்குத் தெரியாது. வாசலில் நின்ற தீயணைப்பு அதிகாரி கையைக் காட்ட, முன்பக்கம் போய் ஒரு சிவப்பு நாடாவுக்குள் நின்றார்கள். அங்கே சலவைக்கடைக்கார அம்மா ஒருவர்தான் இருந்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தில் பஞ்சு சேர்ந்து புகைந்துவிட்டதாம், வேறொன்றுமில்லையாம். ஓடிவரும்போது யாரோ ஒருவருடைய படுக்கை விரிப்பை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். இவர்கள் கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, அந்த விரிப்பை விரித்துப் பிடித்து மறைத்தார். அப்பாவும் பிள்ளையுமா என்று விசாரித்தார். இல்லை என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

கட்டிடத்தின் பின்னால் இதற்குள் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பிசியோ அம்மா தன் பட்டியலைச் சரிபார்த்து, என் மாடியில் இரண்டு பேரைக் காணவில்லை என்று அறிவித்துவிட்டார். ஆள் கணக்கு முடியாமல் பொறுப்பாளர் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது விதி. அதனால் அவர் தேடி வரவும் வழியில்லை. நான்கு வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு மாடியேறினார்கள். கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிய மகள், கணவரும் அப்பாவும் உள்ளேயே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முன்பக்கத்து அதிகாரிக்கு வாக்கிடாக்கியில் செய்தி வந்தது. அவர் இவர்களிடம் வந்தார்.

"மூணாவது மாடியில ரெண்டு பேரைக் காணோமாம். சட்டை போடல, முதுகுல ஊசி இருக்குமாம். நீங்க யாராவது பாத்தீங்களா?"

"நாங்கதாங்க அது" என்றார் மருமகன்.

அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். இருக்கலாம், ஆனால் நிச்சயம் பண்ணாமல் எழுத முடியாது என்றார். அடையாள அட்டை கேட்டார். அட்டை சட்டைப் பையில் இருந்தது. சட்டை மூன்றாவது மாடியில் ஆணியில் தொங்கியது. அதிகாரி வாக்கிடாக்கியில் அந்தப் பக்கம் விசாரித்தார். பிசியோ அம்மாவின் அட்டையில் ஊசிக் கணக்குத் துல்லியமாக இருந்தது. ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்கு ஒன்பது.

"அப்ப எண்ணிப் பாத்துடலாம்" என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர், அவ்வளவுதான்.

மாமனார் முதுகில் ஏழு இருந்தது. அதிகாரி ஒரு கோடு போட்டார். மருமகன் முதுகை இரண்டு முறை எண்ணினார். சலவைக்கடை அம்மாவையும் எண்ணச் சொன்னார். எட்டுதான் இருந்தது.

"நீங்க அவர் இல்ல. ஒன்பது ஊசிக்காரர் இன்னும் உள்ளதான் இருக்காரு."

"ஒண்ணு விழுந்திருக்குங்க. படியில துள்ளுறப்ப."

அப்படியென்றால் எங்கே என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. மருமகனுக்கு அவர் முதுகு அவருக்கே தெரியாது. அதிகாரி ஊசியைத் தொட மாட்டேன் என்றார், அதற்கு அவருக்குப் பயிற்சி இல்லை. சலவைக்கடை அம்மா விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தவர் ஒரே ஒருவர்.

மாமனார் பெட்டியை மருமகன் கையில் கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார். அவருடைய மூக்குக்கண்ணாடியும் மாடியில் சட்டைப் பையிலேயே மாட்டிக்கொண்டதால், விரலால்தான் தேட வேண்டியிருந்தது. மருமகனின் இடுப்புப் பட்டையில் தேடினார், விலாவில் தேடினார், பின்பு வயரைப் பிடித்து நுனிவரை மெல்ல உருவிக்கொண்டே போனார். கவ்வியின் வாயிலேயே ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் கூசியும் மருமகன் அசையாமல் நின்றார். அந்த விரல்கள் இவ்வளவு பதமாக இருக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை. காரில் பழகுகிறவர்களின் கையைப் பிடித்துத் திருப்புகிற விரல்கள்.

மாமனார் ஊசியை அதிகாரியிடம் காட்டினார்.

அதிகாரி யோசித்தார். "வெளிய இருக்கிற ஊசியைக் கணக்குல சேக்க முடியாது. முதுகுலதான் இருக்கணும். திருப்பிக் குத்தி விட்டீங்கன்னா ஒன்பதுன்னு எழுதிடுறேன்."

மருமகனுக்கு வியர்த்துவிட்டது. விழுந்த ஊசி சுத்தமில்லை, அதை மறுபடி உடம்பில் ஏற்றக் கூடாது, வாய்க்குள் போகிற சாமான் செய்கிற தனக்கு இது நன்றாகத் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தார். குளறியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஆட்கள் உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு குத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெளியே கேட்கிற குரல் அது.

"சார், சுத்தம் சம்பந்தமா இவர் சொன்னா சரியாத்தான் சொல்வாரு. என் மருமகன் இவரு. இவர் செஞ்ச பல்லை வச்சுத்தான் ஆறு வருஷமா சாப்பிடுறேன், ஒரு நாள் புண்ணு வந்ததில்ல. ஊசிய யாரும் குத்தப் போறதில்ல. என்ன எழுதணுமோ எழுதிக்குங்க, சார்."

விசில் நீளமாக, சுத்தமாக, வரிசையாக வந்தது. தெருமுனையில் ஒரு வண்டி நின்றேவிட்டது. அதிகாரி விசிலடித்தது யார் என்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

மருமகன் அவர் வாயையே பார்த்தார். வேறு எங்காவது புது செட் வாங்கிக்கொண்டிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். இது அதே செட். மேல் முன்பல் இரண்டுக்கும் பின்னால் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டது காதாலேயே தெரிந்தது.

"உள்பக்கம் கொஞ்சம் தேய்க்கணும் மாமா" என்றார். "அஞ்சு நிமிஷ வேலை."

"அந்த அஞ்சு நிமிஷம் ஆறு வருஷமா கெடைக்கல."

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஆமா, பேசியிருக்கக் கூடாது" என்றார் மாமனார். பிறகு, "கவ்வியக் கழட்டட்டுமா?" என்று கேட்டார். அவர் இவருக்குக் கழற்றினார், இவர் அவருக்குக் கழற்றினார். எத்தனை சுலபம் என்று இருவருமே வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. சலவைக்கடை அம்மாவுக்குக் கை வலித்ததால் விரிப்பை மாற்றிப் பிடித்தார்.

புகை அடங்கி, நான்கு வீரர்களும் வெறுங்கையோடு இறங்கிவந்து, பொறுப்பாளர்கள் போகலாம் என்று அறிவித்த பிறகுதான் பிசியோ அம்மாவால் வர முடிந்தது. மகள் அவருக்கு முன்னால் ஓடிவந்தாள். இருவரையும் முழுசாகப் பார்த்ததும் அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. இவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. மின்சாரம் மூளைக்கு ஏறிவிட்டதா என்று பிசியோ அம்மாவிடம் கேட்டாள். பிசியோ அம்மா நடைபாதையிலேயே ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். ஏழு, எட்டு, விழுந்தது ஒன்று. பதினாறு சரி என்றார்.

ஆனால் அதிகாரியின் அறிக்கை அதற்குள் போய்விட்டிருந்தது. அதில், ஏழு ஊசிக்காரர் மீட்கப்பட்டார், ஒன்பது ஊசிக்காரர் கிடைக்கவில்லை, எட்டு ஊசிக்காரர் ஒருவர் அடையாளம் தெரியாதவர் என்று இருந்தது. காணாமல்போனவர் கிடைக்கும்வரை கட்டிடத்தைத் திறக்க அனுமதி இல்லை. வீரர்கள் மாடியிலிருந்து சட்டையை எடுத்துவந்து கொடுத்திருந்ததால், மருமகன் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டினார். அட்டை சரிதான், ஆனால் அறிக்கையில் பெயர் இல்லை, ஊசிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சலவைக்கடையில் ஊர்த் துணியெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. நடன வகுப்பு மரத்தடியில் நடந்தது.

அந்த வாரத்தில் மாமனார் இரண்டு முறை மருமகனின் பட்டறைக்கு வந்தார். முதல் முறை பல் தேய்க்க. ஐந்து நிமிடம் என்று சொன்னது ஒரு மணி நேரம் பிடித்தது, கொஞ்சம் தேய்ப்பதும் "சாலை, சக்கரம், சங்கிலி" என்று சொல்லச் சொல்லிக் கேட்பதுமாக. விசில் போய்விட்டது. இரண்டாவது முறை, விசில் இல்லாததால் பழகுகிறவர்கள் தன் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை என்று குறை சொல்ல வந்தார். மருமகன் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். நீங்க மனசு வச்சா முடியும் என்றார் மாமனார். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. போகும்போது நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் காலை, அதிகாரிகளின் சிறப்பு அனுமதியோடு பிசியோ அம்மா கட்டிடத்தின் பின்புறத்தில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு, மருமகனுக்குப் புதிதாக ஒன்பது ஊசி குத்தினார். மருமகன் அசையாமல், இருமாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கூடும் இடத்தில் போய் நின்றார். மாமனார் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு ஊசியையும் காவல் காத்தார். அதிகாரி எண்ணினார். ஒன்பது. காணாமல்போனவர் எட்டாம் நாளில் உயிரோடு மீட்கப்பட்டார் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மனதார வாழ்த்தும் சொன்னார். சலவைக்கடை அம்மா கைதட்டினார்.

மகள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முன்னிருக்கையில் யார் உட்காருவது என்று மாமனாரும் மருமகனும் ஆரம்பித்தார்கள். கழுத்து வலிக்காரன் முன்னால்தான் உட்கார வேண்டும் என்று இவர், ஓட்டுகிறவரைக் கவனிக்கத் தெரிந்தவன்தான் முன்னால் உட்கார வேண்டும் என்று அவர். பேச்சு கழுத்திலிருந்து பிரேக்குக்கும், பிரேக்கிலிருந்து பல்லுக்கும் போனது. மகள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இத்தனை வருடம் வீட்டில் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சலவைக்கடை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.